எச்.ஆர். வேலையின் அரிச்சுவடி

ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே கடைசிப் படியில் வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டைத்தான் நான் முதலில் கேட்பேன். வரவேற்பறைச் சுவரில் மாட்டிய வாசகங்கள், ஆயுத பூஜை போட்டோக்கள் எல்லாம் அப்புறம். அந்தச் சீட்டு மாதாமாதம் கையில் கிடைக்கிறதா, கிடைத்தால் அவருக்குப் புரிகிறதா, அதில் உள்ள தொகையும் வங்கியில் ஏறிய தொகையும் ஒத்துப்போகின்றனவா? இவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். எங்கள் நிறுவனத்துக்குப் புதுச்சேரியில் ஒரு ஆலையும், எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் ஒரு ஆலையும் உண்டு. இரண்டுக்கும் நான்தான் எச்.ஆர். இந்த வேலைக்கு வெளியே ஒரு பெயர் இருக்கிறது: ஆள் எடுப்பவர்கள், ஆளைத் துரத்துபவர்கள், நடுவில் கோலப்போட்டி நடத்துபவர்கள். எம்.பி.ஏ. முடித்துவிட்டு வரும் பிள்ளைகளைக் கேட்டால் திட்டமிடல், தேர்வு, பயிற்சி, மதிப்பீடு, ஊதியம், தொழில் உறவு என்று வரிசையாகச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அத்தனைக்கும் அடியில் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். வேலைக்கு வருகிற ஒருவர், தன் நிலை என்ன என்று யாரையும் கெஞ்சாமல் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். என் வேலை எது, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், என்னைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை, எனக்கு ஒரு குறை என்றால் எங்கே போய்ச் சொல்வது, நாளைக்கு நின்றுவிட்டால் என்ன கிடைக்கும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஆள் நிம்மதியாக வேலை பார்ப்பார். தெரியாத ஆள் கேன்டீனில் கேட்ட வதந்தியை நம்பிக்கொண்டிருப்பார்.

சம்பளச் சீட்டுக்கே வருகிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறோம். நிறுவனமும் அதே 1,680 போட வேண்டும். ஆனால் நிறுவனம் போடுவது முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. 8.33 சதவீதமான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 514 தான் பி.எஃப். பாஸ்புக்கில் ஏறும். இதை யாரும் சொல்லாததால், "மேடம், நான் கட்டுனதுல பாதிகூட கம்பெனி கட்டல, ஏமாத்துறாங்க" என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். அந்தக் காகிதத்தில் விளக்கம் இல்லையே! தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். மொத்தச் சம்பளம் 18,000 என்றால் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், 135 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம், 585 ரூபாய். அந்த 135 ரூபாய்க்குக் கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பு முடியாமல் வீட்டில் கிடந்தால் வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால் காய்ச்சலோடு ஷிஃப்டுக்கு வந்து மெஷின் முன்னால் நிற்கிறார்கள்.

எங்கள் சீட்டின் பின்பக்கத்தில் இவ்வளவையும் தமிழில் அச்சடித்துவிட்டோம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. கேள்விகள் குறையவில்லை, ஆனால் கேள்விகளின் தரம் மாறிவிட்டது. இப்போது, கூடுதல் நேர வேலையைப் பற்றி, "ஓ.டி. இரட்டிப்புக் கணக்கில் எந்தெந்தப் படி சேரும்?" என்று கேட்கிறார்கள்.

இந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மேலாண்மைப் பள்ளிகள் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பே ஆலைகள் வந்துவிட்டன. அன்று ஆள் எடுப்பவர் மேஸ்திரி. தன் ஊர், தன் சாதி, தன் சொந்தம் என்று கூட்டிவருவார். கையூட்டு வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பார். பிடிக்காவிட்டால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். 1929-ல் அமைக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை இந்த இடைத்தரகர்களிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் கொடுங்கள் என்று சொன்னது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. இன்றைய எச்.ஆர். மேலாளர் அந்த அலுவலரின் வாரிசு.

புதுச்சேரியில் இந்தக் கதைக்கு இன்னும் கனம் அதிகம். கடலூர் சாலையில் பேருந்தில் போகும்போது ஏ.எஃப்.டி. மில்லைத் தாண்டித்தான் போக வேண்டும். 1898-ல் தொடங்கியது, 2020-ல் மூடினார்கள். பழைய ஆட்களுக்கு அது இன்றும் ரோடியர் மில்தான். 1936-ல் இந்த ஊர் மில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடினார்கள். முன்னால் நின்றவர் வ. சுப்பையா. அந்த வருடம் ஜூலை 30-ம் தேதி சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30-க்கும் இங்கே தியாகிகள் நாள் அனுசரிக்கிறார்கள். புதிதாகச் சேரும் எச்.ஆர். பயிற்சியாளர்களுக்கு நான் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். வருகைப் பதிவேட்டில் நீங்கள் அடிக்கிற அந்த "8" யாரோ உயிரைக் கொடுத்து வாங்கியது; அதை 8.30 என்று திருத்தச் சொல்லி உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று.

சரி, ஆள் எடுப்பதற்கு வருவோம். மேஸ்திரி போய்விட்டார், சிபாரிசு போகவில்லை. "நம்ம பையன் மேடம், பாத்து செய்யுங்க" என்று கவுன்சிலரிலிருந்து காவலாளி வரைக்கும் சொல்வார்கள். சிபாரிசோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேலை காலியாக இருப்பது அவருக்குத் தெரிந்ததே அப்படித்தானே. ஆனால் உள்ளே வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே சோதனை. மெஷின் ஆபரேட்டர் வேலைக்கு வருபவரிடம் நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றையும், கடைந்தெடுத்த ஒரு புஷ்ஷையும் (குழாய்த் துண்டு போன்ற உலோகப் பாகம்) கொடுத்து உள்விட்டத்தை அளக்கச் சொல்வோம். நன்றாகப் பேசுகிற பையன் சட்டென்று எடுத்து அளந்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுவான். இன்னொருவன் வாயே திறக்கமாட்டான். புஷ்ஷைத் துணியால் துடைப்பான், காலிப்பரின் வாயை மூடிப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பான், இரண்டு இடத்தில் வைத்து அளப்பான், அப்புறம்தான் எண்ணைச் சொல்வான். "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டு ஆள் எடுத்திருந்தால் முதல் பையன்தான் உள்ளே வந்திருப்பான். செய்யப்போகிற வேலையிலிருந்தே ஒரு துண்டைக் கொடுத்துப் பார்ப்பதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பதும், மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட நம்பகமானவை என்று வேலை உளவியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. எங்கள் பக்கத்துச் சிறு ஆலைகளில் இன்னும் "எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு" என்றுதான் நேர்முகத் தேர்வு தொடங்குகிறது. அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதை நிறுத்த வேண்டும்.

சேருகிற நாள்தான் நான் அதிகம் கவலைப்படும் நாள். அன்றைக்கு எழுதுகிற பெயர் முப்பது வருடம் கூடவே வரும். தமிழர்களுக்கு இனிஷியல் ஒரு தனிப் பாடு. பள்ளிச் சான்றிதழில் "கே. முருகன்", ஆதாரில் "முருகன் கந்தசாமி", வங்கிக் கணக்கில் "முருகன் கே". மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், பி.எஃப். கணினிக்குத் தெரியாது. பணம் எடுக்க விண்ணப்பித்தால் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிடும். பிறந்த தேதியும் அப்படியே. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆதாரில் வேறொன்று.

கணவரை இழந்த ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம். கணவருக்கு மாரடைப்பு, நாற்பதைத் தாண்டவில்லை. கூட மைத்துனர் வந்திருந்தார். "எங்க எவ்ளோ இருக்குன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா, அவரு எதுவும் சொன்னதில்ல" என்றார் அந்தப் பெண். கோப்பை எடுத்துப் பார்த்தால் நாமினி, அதாவது பணத்தைப் பெற வேண்டியவர் என்ற இடத்தில், கணவருடைய அம்மா பெயர். திருமணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதியது. திருமணமானால் பழைய நியமனம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்பது பி.எஃப். விதி. யாரும் எழுதச் சொல்லவில்லை, கணவரும் எழுதவில்லை. அந்த அம்மாவும் ஏற்கெனவே காலமாகிவிட்டார். அதற்கப்புறம் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், கணவர் பெயரில் இனிஷியல் திருத்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் அலைச்சல். படிவம் 20 பி.எஃப். பணத்துக்கு, 10-டி குடும்ப ஓய்வூதியத்துக்கு, 5-ஐ.எஃப். காப்பீட்டுக்கு. இந்த மூன்றாவது இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பி.எஃப்.பில் இருக்கும் ஒருவர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குத் தொழிலாளி தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை, நிறுவனம்தான் கட்டுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் மூன்றும் கிடைத்தன. ஆனால் அந்த மாதங்களில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்திருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு ஆலைகளிலும், திருமணப் பத்திரிகை கொடுக்க யார் வந்தாலும் வாழ்த்துச் சொன்ன கையோடு நாமினி மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அழைப்பிதழை வாங்கும்போதே இதைப் பேசலாமா என்று ஒரு சகோதரி தயங்கினார். பேசத்தான் வேண்டும்.

முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. எனக்குச் சட்டமும் மாறுகிறது. குறைந்தபட்ச ஊதியத்தை ஒவ்வொரு அரசும் தனித்தனியாக அறிவிக்கும். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். இந்தப் பக்கம் விடுமுறை, ரெட்டிச்சாவடி தாண்டிய எங்கள் கடலூர் ஆலையில் வழக்கம்போல் சங்கு ஊதும். "ஒரே கம்பெனி, அவங்களுக்கு லீவு எங்களுக்கு இல்லையா?" என்ற கேள்வி வராத வருடம் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மொத்த எண்ணிக்கையைச் சமமாக்கிக் காட்டினோம், முணுமுணுப்பு அடங்கியது. இன்னொரு பெரிய வித்தியாசம்: தமிழ்நாட்டில் 1981-ல் கொண்டுவந்த சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. அந்த 480-ஐ எட்டவிடாமல் நடுவில் சில நாள் நிறுத்திவைத்து மறுபடியும் எடுக்கும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதைத் திறமையான நிர்வாகம் என்று எனக்கு விளக்க வந்தவர்களும் உண்டு. இரண்டு வருடம் கற்றுக்கொடுத்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில் என்ன திறமை இருக்கிறது?

விடுப்பில்தான் நியாயம் தினமும் சோதிக்கப்படுகிறது. இந்தப் பக்கம் மாசி மகம் என்றால் தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கடற்கரை நிறைந்துவிடும். சாமி தீர்த்தவாரிக்கு வரும். பாதி ஆலைக்கு அன்று லீவு வேண்டும். முன்பெல்லாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் யாருக்குச் சரி என்றாரோ அவருக்கு லீவு. கிடைக்காதவர் மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சிலர் சொல்லாமலே நின்றுவிடுவார்கள், அப்புறம் மெமோ, விளக்கம், மனக்கசப்பு. இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போன வருடம் மகத்துக்கு லீவு எடுத்தவர் இந்த வருடம் பின்வரிசைக்குப் போவார். வீட்டில் நேர்த்திக்கடன், முதல் வருடத் திதி போன்றவைக்கு முன்னுரிமை. யார் பெயர் எங்கே இருக்கிறது என்பதை யாரும் புரட்டிப் பார்க்கலாம். லீவு கிடைக்காதவர்கள் இன்றும் வருத்தப்படுகிறார்கள், ஆனால் சூப்பர்வைசர் மேல் கோபப்படுவதில்லை. மனிதவளத்தில் பாதி இந்த நோட்டுதான் என்று எங்கள் முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன்.

வருடாந்திர மதிப்பீட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மார்ச்சில் ஒருநாள் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் மதிப்பெண் போடுவதைவிட, மாதம் ஒருமுறை சூப்பர்வைசர் பத்து நிமிடம் ஆளோடு உட்கார்ந்து பேசுவது மேல்.

தண்டனை விஷயத்தில் மட்டும் நான் கறார். குற்றச்சாட்டு மெமோ தமிழில், அவருக்குப் புரிகிற வாக்கியத்தில் இருக்க வேண்டும். என்ன தேதி, என்ன நேரம், என்ன நடந்தது என்று இருக்க வேண்டும். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்" என்று மொட்டையாக எழுதிய மெமோவுக்கு யாராலும் பதில் எழுத முடியாது. விளக்கம் கேட்க வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், குற்றம் சாட்டியவரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், தாமதத்துக்குத் தொழிலாளி காரணம் இல்லை என்றால் அதற்கப்புறம் 75 சதவீதம் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். பெண்கள் தரும் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் இருந்தாலே உள்புகார்க் குழு வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது நான் சேர்த்த விதி. அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அந்த எண்ணை யாரும் குறித்துக்கொள்ளமாட்டார்கள்.

எச்.ஆர். என்று ஒருவர் இல்லாத இடங்கள்தான் நம் பக்கம் அதிகம். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். கல்லாவில் இருப்பவர்தான் எல்லாம். காலையில் வந்த பெண்கள் இரவு வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். சில கடைகளில் முக்காலி வந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்தால் முதலாளி பார்க்கிற பார்வை மாறவில்லை. "உட்காருங்க, ஆள் வந்தா எழுந்திரிங்க" என்று அவர் ஒருமுறை வாய்திறந்து சொன்னால் போதும். அவர்கள் உட்காருவார்கள்.

வேலையை விட்டுப் போகிறவரை எப்படி அனுப்புகிறோம் என்பதை உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னைப் பக்கம் ஒரகடம் தொழிற்பேட்டையில் அதிகச் சம்பளம் என்று ஒரு பையன் போனால், கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, அனுபவச் சான்றிதழுக்கு இழுத்தடிக்கும் இடங்கள் எத்தனையோ. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தாலும் நீக்கினாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையின் கணக்கை நான் ஆளை எதிரே உட்காரவைத்தே போடுவேன். கடைசியாக வாங்கிய அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000, சர்வீஸ் 12 வருடம் என்றால், 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்க வேண்டும். 1,24,615 ரூபாய் வரும். கால்குலேட்டரை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டங்கள் பல அவற்றுக்குள் போய்விட்டன. மொத்தச் சம்பளத்தில் பாதிக்குமேல் படிகளாகப் பிரித்துக் காட்டினால், பாதியை மிஞ்சிய பகுதி ஊதியமாகவே கணக்கில் சேரும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். தொழிற்சங்கங்களுக்கு இந்தத் தொகுப்புகள் மேல் கடுமையான எதிர்ப்பு இருக்கிறது, குறிப்பாக ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற வரம்பை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தியதில். அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் நியமனக் கடிதம் என்ற ஒன்றை மட்டும் நான் மனதார வரவேற்கிறேன்.

எங்கள் கடிதத்தைத் தமிழில் புதிதாக எழுதி, அச்சுக்குப் போகுமுன் சங்க நிர்வாகிகளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பக்கத்தில் அவர்கள் அடிக்கோடிட்டது ஒரே வரியை: "நிர்வாகத்தின் தேவைக்கேற்ப உங்களை எந்தப் பிரிவுக்கும் மாற்றலாம்." அதில் "காரணத்தை எழுத்தில் தெரிவித்து, ஏழு நாள் முன்கூட்டி" என்று சேர்க்கச் சொல்கிறார்கள். உற்பத்தி மேலாளர் ஏழு நாள் முடியாது, இரண்டு நாள் என்கிறார். எழுத்தில் காரணம் சொல்வதற்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நாள் கணக்கைப் பேச இந்த வெள்ளிக்கிழமை உட்காருகிறோம்.